மூன்று கணினிகளில் ஒரே போக்கர் கணக்கு: பாதுகாப்புக்கு வழி சொல்லுங்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு மாதங்களாக இணையத்தில் போக்கர் என்னும் சீட்டாட்டம் பழகிவருகிறேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் நாடு முழுவதும் தடைசெய்துவிட்டதால், காசு கட்டாத இலவச ஆட்டங்களில் மட்டுமே அமர்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய மடிக்கணினி; அதற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அதில் போக்கர் மென்பொருளை நிறுவுவதைவிட லினக்ஸுக்கு மாறி உலாவியிலேயே ஆடுவது நல்லதா?

எனக்குப் பெரிய கவலை பிரவுசிங் சென்டர்தான். மழையில் மின்சாரம் போகும் நாட்களில் அங்கே போவது வழக்கம். சென்ற வாரம், கடவுச்சொல்லைச் சேமிக்கலாமா என்று உலாவி கேட்டபோது அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டேன். பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றினேன். மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரம் பார்த்த பக்கங்களின் பதிவை அந்தக் கணினியில் விட்டுவைக்காது, ஆனால் விசைப்பலகையில் தட்டுவதைத் திருடும் மென்பொருளைத் தடுக்காது என்கிறான் என் மருமகன். அப்படியானால் கைபேசிக்கு வரும் ஓடிபி மட்டும் போதுமா, அல்லது பொதுக் கணினியை அறவே தவிர்க்க வேண்டுமா?

தம்பியின் கணினியிலும் சில நேரம் ஆடுகிறேன். அவனுக்கும் தனிக் கணக்கு உண்டு, வைஃபை ஒன்றே. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால், பேசிவைத்து ஆடும் கூட்டுச்சதி என்று கருதிக் கணக்கை முடக்குவார்களா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.