போர்ப் படங்களில் காட்டும் நெஞ்சுரம் யாருக்காக?

வெண்கலக்குரல்:
போர், இடப்பெயர்வு பற்றிய ஆவணப்படங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். கொஞ்ச நாளாக ஒன்று நெருடுகிறது. எந்தப் படத்தின் விமர்சனத்தை எடுத்தாலும் 'துயரத்திலும் தளராத மனித மனம்' என்றுதான் முடிக்கிறார்கள். குண்டு போட்டது யார், வீட்டை இடிக்கச் சொன்ன உத்தரவு யாருடையது என்பதெல்லாம் படத்திலேயே இருந்தாலும், பார்த்தவர் மனதில் தங்குவது பாதிக்கப்பட்டவரின் சிரிப்பு மட்டும். இப்போது 'மீள்திறன்' என்று ஒரு சொல் வேறு, அடிபட்டும் மீண்டு எழும் திறனாம். அடி வாங்கியவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பது போல இருக்கிறது.

'சபாயா' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். தீவிரவாத இயக்கம் கடத்திப்போன, யசீதி என்ற சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த பெண்களை சிரியாவின் அல்-ஹோல் முகாமிலிருந்து மீட்பது பற்றியது. 2021இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இயக்குநர் விருது வாங்கியது. அதே வருடம், படத்தில் வரும் பெண்கள் சிலர் தாங்கள் சம்மதமே தரவில்லை என்று நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார்கள். அடிமையாக வைத்திருக்கப்பட்ட ஒரு பெண்ணின் விருப்பம் இன்னொரு முறையும் கேட்கப்படவில்லை என்றால், அந்தப் படத்தைத் துணிவின் கதை என்று நான் எப்படிப் பாராட்டுவது?

துணிவைக் கொண்டாடும் படங்கள் அடித்தவனைத் தப்பவிடுகின்றன. இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் வாருங்கள்.

தேன்மொழி:
மறுக்கிறேன். ஒரு படக்குழு செய்த தப்புக்கு எல்லாப் படங்களையும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

'ஃபார் சாமா' (2019) பார்த்தீர்களா? அதை எடுத்த வாத் அல்-கதீப், சிரியாவின் அலெப்போ நகரில் மாணவியாக இருந்தபோது போனில் எடுக்கத் தொடங்கியவர். அங்கேயே ஒரு மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டு, 2016 ஜனவரியில் மகளைப் பெற்று, அந்த வருடக் கடைசியில் கிழக்கு அலெப்போ வீழும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார். சுமார் 500 மணி நேரப் பதிவு. அதில் ஒரு சின்ன இடம். முற்றுகையில் காய்கறி, பழம் எதுவும் ஊருக்குள் வருவதில்லை. ஒருவர் எங்கிருந்தோ ஒரே ஒரு சீமைப்பனிச்சம் பழம் கொண்டுவந்து மனைவியிடம் தருகிறார். அந்த அம்மாவுக்கு வரும் சந்தோஷத்தைப் பார்த்தபோதுதான் முற்றுகை என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்ற செய்தியில் அது உறைத்ததே இல்லை.

குண்டு போட்டது அன்றைய சிரிய அதிபர் அசாத்தின் படையும் ரஷ்ய விமானங்களும் என்பதை அந்தப் படம் எங்கேயும் ஒளிக்கவில்லை. அதே படத்தில்தான் அந்தச் சிரிப்பும் இருக்கிறது. சிரிப்பை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது பிணமும் இடிபாடும். அதைத்தான் செய்திகளில் தினமும் பார்க்கிறோமே.

வெண்கலக்குரல்:
சரி, அந்தப் படத்தை ஒப்புக்கொள்கிறேன். கேமரா அவர் கையில் இருந்தது. ஆனால் பெரும்பாலும் கேமரா வெளியிலிருந்து வருகிறவர் கையில்தான் இருக்கிறது. 'ஷோவா' (1985) படத்தில் ஆப்ரகாம் போம்பா வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ட்ரெப்லிங்கா என்ற நாஜிக் கொலை முகாமில், சாகப் போகும் பெண்களின் முடியை வெட்ட வைக்கப்பட்டவர் அவர். படத்தின் இயக்குநர் கிளோத் லான்ஸ்மான் இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தகத்தை வாடகைக்குப் பிடித்து, அவர் கையில் கத்தரியைக் கொடுத்துப் பேச வைக்கிறார். உடன் வேலை செய்த நண்பனின் மனைவியும் தங்கையும் உள்ளே வந்ததைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. என்னால் முடியாது என்கிறார். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று லான்ஸ்மான் விடாமல் நிற்கிறார். யார் கொடுத்த உரிமை அது?

குமரன்_செ:
அந்தக் காட்சி உங்கள் வாதத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் லான்ஸ்மான் பழைய ஆவணக் காட்சி ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. போம்பா பேச முடியாமல் நின்ற நேரத்தை வெட்டவும் இல்லை. கொடுமைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பார்ப்பவருக்கு ஆறுதல் எங்கே இருக்கிறது? நெஞ்சு நிமிர்ந்து வெளியே வரும் படமா அது?

கேமரா சொந்தக் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 'மிட்நைட் டிராவலர்' (2019) எடுத்த ஹஸன் ஃபசிலி, தாலிபான் தன் தலைக்கு விலை வைத்ததால் மனைவி, இரண்டு மகள்களோடு ஆப்கானிஸ்தானை விட்டு ஓடியவர். மூன்று செல்போன்களில் எடுத்த படம். ஓரிடத்தில் மகளைக் காணாமல் தேடுகிறார்கள். இது படத்துக்கு நல்ல காட்சியாக அமையுமே என்று ஒரு கணம் தோன்றியதாகவும், அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுத்ததாகவும் அவரே சொல்கிறார். பெற்ற அப்பனுக்கே அந்தச் சபலம் வருகிறது.

துணைத்தலைப்பு:
நான் சப்டைட்டில் போடுகிறவன். மேடைப் பேச்சு எனக்கு வராது, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போரில் மகனைத் தொலைத்த ஒரு வயதான அம்மாவின் நேர்காணல் வந்தது. எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி நாளைப் பற்றிக் கேட்டதும் "பிறகு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அப்புறம் 40 விநாடி பேச்சே இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி சுற்றுகிறார். வெளியே எங்கோ நாய் குரைக்கிறது. அடுத்த வாரம் திருத்தின பிரதி வந்தது. அந்த 40 விநாடியும் இல்லை, "பிறகு" என்ற சொல்லும் இல்லை. மகனைப் பற்றிய முந்தின வாக்கியம் முடிந்ததும் நேராக, பேத்திக்குத் தலைவாரிக்கொண்டு சிரிக்கிறார்.

இரண்டு காட்சியும் உண்மைதான். ஒட்டிய விதத்தில் அவர் ஒரே மூச்சில் தேறிவிட்டார். நீங்கள் 'மீள்திறன்' என்று கோபப்படுகிறீர்களே, அதில் பாதி எடிட்டிங் மேசையில் உண்டாவது.

கூடாரம்:
நான் முகாமில் பிறந்தவள். பதினாறு வயதுவரை அங்கேதான் இருந்தேன். நீங்கள் எல்லோரும் பேசுகிற படத்துக்குள் இருந்தவள்.

ஒருமுறை படமெடுக்க வந்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று அம்மாவை இரண்டாவது முறை தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவரச் சொன்னார்கள். தூக்கினாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. எடுத்த படத்தை எங்களுக்குக் காட்டவும் இல்லை. இதுவரை வெண்கலக்குரல் அண்ணா பக்கம்.

ஆனால் அன்று காலையில் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? இருந்ததில் நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டாள். வந்தவர்களிடம் முதலில் சொன்னதே "நாங்கள் அழுகிற மாதிரி எடுக்கக் கூடாது" என்பதுதான். அந்த நிமிர்வு அவளுடையது. எடுத்தவர்கள் உண்டாக்கிக் கொடுத்ததில்லை. நீதி பேசுகிறோம் என்று அதையும் அவளிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள் அண்ணா. அவள் அழுததைக் காட்டினால்தான் உங்களுக்கு அநியாயம் புரியும் என்றால், அது உங்கள் குறை.

வெண்கலக்குரல்:
இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை, தங்கை. அம்மா கேட்டதைச் செய்த படம் நல்ல படம் என்று ஏற்றுக்கொள்கிறேன். அதைக் காட்டாமலே போனதை மன்னிக்க முடியாது.

ஆனால் அடிப்படையில் நான் மாறவில்லை. பார்த்துக் கைதட்டியதும் கடமை முடிந்தது என்று எழுந்து போகிறோம். 'நோ அதர் லேண்ட்' 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் மசாஃபெர் யாட்டா கிராமங்களை இஸ்ரேலிய ராணுவம் இடித்துத் தள்ளுவது பற்றிய படம். அதே மாதம் அதன் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லாலை அவர் ஊரிலேயே இஸ்ரேலியக் குடியேறிகள் அடித்தார்கள். இஸ்ரேலிய ராணுவம் பிடித்துப்போய் மறுநாள் விட்டது. விருது கையில் இருந்தவருக்கே இந்தக் கதி.

தேன்மொழி:
அடித்தது ஒரே நாளில் உலகம் முழுக்கத் தெரிந்ததே, அது எதனால்? அந்தப் படம் இல்லாவிட்டால் அவர் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரிந்திருக்காது. படம் கேடயம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். சாட்சி ஆகும்.

உங்களுக்கு ஒரு படம் சொல்கிறேன், பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள். பட்ரிசியோ குஸ்மானின் 'நாஸ்டால்ஜியா ஃபார் தி லைட்' (2010). 1973 அக்டோபரில் சிலியின் கலாமாவில் சர்வாதிகாரி பினோசேயின் ராணுவம் 26 பேரைச் சுட்டுக்கொன்று பாலைவனத்தில் புதைத்தது. பிற்பாடு குழியைத் தோண்டி உடல்களை அப்புறப்படுத்தியது. மனைவிமாரும் சகோதரிகளும் சிறு மண்வெட்டியோடு வருடக்கணக்காக அட்டகாமா பாலைவனத்தைக் கிளறி எலும்புத் துண்டு தேடினார்கள். அதே பாலைவனத்தில் வானத்தைப் பார்க்கும் பெரிய பெரிய தொலைநோக்கிகள். அவற்றைப் பூமிக்குள் பார்க்கும்படி திருப்ப முடிந்தால் நன்றாக இருக்குமே என்கிறார் தேடும் பெண்களில் ஒருவர். அவர் தேறவும் இல்லை, மீளவும் இல்லை. மறுநாளும் தேடப் போகிறார். செய்தவன் யார் என்பதும் அவர் வாயாலேயே வருகிறது.

வெண்கலக்குரல்:
இந்த வாரமே பார்க்கிறேன். துணைத்தலைப்பு அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மாவின் "பிறகு" கடைசியில் என்ன ஆனது? நீங்கள் எதுவும் சொல்லவில்லையா?

துணைத்தலைப்பு:
சொன்னேன். என் வேலை எழுத்துப் போடுவது மட்டும் என்றார்கள். மறுபடி மறுபடி கேட்டதில் 7 விநாடி திரும்பி வந்தது. சேலைத் தலைப்பை ஒரு சுற்றுச் சுற்றுவதுவரை இருக்கிறது. நாய் குரைப்பது வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். கீழே "பிறகு..." என்று போட்டு, அந்த 7 விநாடியும் எழுத்தை எடுக்காமல் விட்டிருக்கிறேன்.