கேஷ்ங்கறது நம்ம காசுலேர்ந்து போனதா?

மஞ்சப்பை:
இங்கிலீஷ்காரன் சொல்ற கேஷ் நம்ம காசுதான்னு ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்திட்டே இருக்கு. கட்டுமரம், மொளகுத்தண்ணி எல்லாம் அங்க போனது தெரியும், ஆனா இது நெஜமா இல்ல வழக்கமான கப்சாவா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

செப்புக்காசு:
பாதி நெஜம் சார். இங்கிலீஷ்ல கேஷ் ரெண்டு இருக்கு, ஸ்பெல்லிங் ஒண்ணு, வேர் வேற வேற. கையில இருக்கற ரொக்கத்த சொல்ற கேஷ், பிரெஞ்சு இல்லன்னா இத்தாலி வழியா வந்தது, அங்க அதுக்கு பணப்பெட்டின்னு அர்த்தம், பெட்டியோட பேரே உள்ள இருக்கற பணத்துக்கும் ஒட்டிக்கிச்சு. மூலம் லத்தீன்ல காப்சா (கப்சா இல்ல!). கேசட், கேப்ஸ்யூல் எல்லாமே அந்தப் பெட்டி வீட்டுப் பிள்ளைங்கதான்.

இன்னொரு கேஷ்தான் நம்மாளு. சில்லறை நாணயத்துக்குப் பேரு. காசுன்னு நாம சொன்னத போர்ச்சுகீஸ்காரன் புடிச்சான், அவன்கிட்டேர்ந்து இங்கிலீஷுக்கு போச்சு. சீனாவுல நடுவுல சதுர ஓட்டை போட்டு கயித்துல கோத்து வெப்பாங்களே, அந்த செப்பு நாணயத்துக்கும் இங்கிலீஷ்ல கேஷ்னுதான் பேரு, சீனாக்காரனுக்கே இது தெரியுமோ என்னவோ.

ஜார்ஜ்டவுன்வாசி:
மேல சொன்னது கரெக்ட். மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கே 80 காசு ஒரு பணம் (அப்போ அது ஒரு நாணயத்தோட பேரு), 42 பணம் ஒரு வராகன், அதாவது தங்க நாணயம். 1808னு போட்ட 20 காசு ஒண்ணு என்கிட்ட இருக்கு, பர்மிங்ஹாம் பக்கத்துல சோஹோல அடிச்சது. ஒரு பக்கம் கம்பெனி சிங்கங்க, திருப்பினா பாரசீக எழுத்து, இருபது காஸ் நாலு ஃபலூஸ்னு (ஃபலூஸும் செப்பு நாணயம்தான்), கீழ ரோமன் எண்ல இருபது போட்டு கேஷ்னு இங்கிலீஷ்ல. இந்த மாதிரி நாணயம் பீப்பாய் பீப்பாயா ஏத்திட்டு மெட்ராஸுக்கு கெளம்பின அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்து கரையோரமே முழுகிருச்சு, 1980கள்ல வெளிய எடுத்தாங்க, அதனாலதான் இன்னிக்கு சேகரிக்கறவங்களுக்கு சல்லிசா கெடைக்குது.

நாஞ்சில்காரன்:
திருவிதாங்கூர விட்டுட்டீங்களே. 16 காசு ஒரு சக்கரம் (அங்கத்த நாணயம்), 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபா. அங்கத்த செப்புக் காசுல கேஷ்னு இங்கிலீஷ்லயே அடிச்சிருப்பான்.

மஞ்சப்பை:
சூப்பர். அப்போ பேங்க்ல உக்காந்திருக்கற கேஷியர் எந்தக் கட்சி?

செப்புக்காசு:
அவரு பெட்டிக் கட்சி. ஆனா மிலிட்டரியில ஒரு ஆபீசர கேஷியர் பண்ணிட்டாங்கன்னா பதவியப் புடுங்கி அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம். அது டச்சு வழியா வந்த தனி வார்த்தை, பெட்டியும் இல்ல காசும் இல்ல. மூணாவது ஒண்ணு இருக்குன்னு குரூப்ல போட்டு விடுங்க, நாலு நாளைக்கு ஓடும்.