டீலர் மேற்பார்வைக்கு எந்தத் தேர்வு? ஆப்ஷன் பாடத்தை எப்படிப் பிடிக்க?

வண்ணார்பேட்டைக்காரன்:
அண்ணாச்சிமாரே, இங்க ஒரு புரோக்கர் கிளையில வேலை. ரெண்டு டீலர் போடுத எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆர்டரைப் பாத்துக்கிடுத பொறுப்பு அடுத்த மாசம் எங்கிட்ட வருது. பி.காம். வரைக்கும் தமிழ் மீடியம். யூடியூப்ல தேடினா சீரிஸ் 4-னு வருது, ஆபீஸ்ல சீரிஸ் 8-ங்காங்க. எதைப் படிக்க? நெகட்டிவ் மார்க் வேற உண்டாமே.

பாளை ரிஸ்க்:
தம்பி, சீரிஸ் 4 அமெரிக்காக்காரன் பரீட்சை. அங்க புரோக்கர்களை ஒழுங்குபடுத்துத ஃபின்ரா நடத்துது, 125 கேள்வி, 72 சதவீதம் எடுக்கணும். அந்த வீடியோவை இன்னைக்கே மூடிருங்க. அங்க ஒரு காண்ட்ராக்ட்னா 100 ஷேர், பங்கு ஆப்ஷனை எப்ப வேணும்னாலும் எக்சர்சைஸ் பண்ணலாம், அதாவது உரிமையைப் பயன்படுத்தலாம். இங்க ஐரோப்பிய முறை, காண்ட்ராக்ட் முடியுத எக்ஸ்பைரி அன்னைக்கு மட்டுந்தான். ரெண்டையும் கலந்து படிச்சா அசைன்மென்ட் (எக்சர்சைஸ் ஆன ஆப்ஷன் வித்தவர் மேல விழுதது) கேள்வியில சறுக்கும்.

உங்களுக்கு நம்ம செபியோட பயிற்சி நிறுவனம் என்.ஐ.எஸ்.எம். நடத்துத சீரிஸ் 8. 100 கேள்வி, 2 மணி நேரம், 60 எடுத்தா பாஸ், தப்புக்குக் கால் மார்க் போகும், சான்றிதழ் 3 வருஷம் செல்லும். டெர்மினல்ல உக்காருதவங்களுக்கும் இது கட்டாயம். ரெண்டு டீலர் சான்றிதழும் என்னைக்கு முடியுதுன்னு இப்பவே குறிச்சு வைங்க. கம்ப்ளையன்ஸ் ஆபீசராவே ஆகப் போறீங்கன்னா அதுக்கு சீரிஸ் 3ஏ, அது தனி.

டவுன் கணக்கர்:
நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து கேள்வியை விட்டுட்டு வாரதுதான் பெரிய தப்பு. நூறையும் எழுதி 68 சரின்னா, 32 தப்புக்கு 8 போக 60, பாஸ். 67 சரின்னா 58.75, போச்சு. நாலு விடையில ரெண்டை அடிச்சுட்டு மீதியில ஒண்ணைப் போட்டா சராசரியா 0.375 மார்க் வரவு. கண்ணை மூடிப் போட்டாக்கூட சராசரியில நட்டம் கிடையாது.

ஸ்பிரெட் (ஒரு ஆப்ஷனை வாங்கி இன்னொண்ணை விக்குதது) கணக்கை மனப்பாடம் பண்ணாதீங்க, தாள்ல கோடு போட்டுப் பாருங்க. 24,000 கால் ஆப்ஷனை (வாங்குத உரிமை) 180-க்கு வாங்கி 24,200 கால் ஆப்ஷனை 95-க்கு வித்தா, கையை விட்டுப் போனது 85. உச்ச நட்டம் அதுதான். பிரேக் ஈவன் 24,085. உச்ச லாபம் 200-ல 85 போக 115. லாட் (ஒரு காண்ட்ராக்ட்டோட அளவு) 75-னு கேள்வியில கொடுத்திருந்தா நட்டம் 6,375, லாபம் 8,625. விடைப் பட்டியல்ல 24,115-ம் வந்து நிக்கலாம், ஏமாந்துராதீங்க. அதே 85 ரூபாய்க்குப் புட் (விக்குத உரிமை) ஸ்பிரெட் வாங்கினாத்தான் அது வரும். கால்னா கீழ் ஸ்டிரைக்கோட (ஆப்ஷன்ல குறிச்ச விலை) கூட்டணும், புட்னா மேல் ஸ்டிரைக்ல இருந்து கழிக்கணும்.

சந்திப்பு பேக் ஆபீஸ்:
கிளியரிங், செட்டில்மென்ட், ரிஸ்க் அத்தியாயத்தை எல்லாரும் கடைசிக்குத் தள்ளுதாங்க. உங்க வேலையே அங்கதான் இருக்கு. மார்ஜின் (கிளையன்ட் கட்டுத ஈட்டுத்தொகை) பற்றாக்குறை 1 லட்சத்துக்கும் கீழ, கட்ட வேண்டியதுல 10 சதவீதத்துக்கும் கீழன்னா அபராதம் 0.5 சதவீதம். ரெண்டுல எது எட்டினாலும் 1 சதவீதம். தொடர்ந்து 3 நாளைத் தாண்டினா 5. இந்த ‘ரெண்டுல எது’ங்கிற இடத்துலதான் கேள்வி வைப்பாங்க.

அடுத்தது டெலிவரி. இண்டெக்ஸ் ஆப்ஷன் பணமா முடியும், பங்கு ஆப்ஷன் ஷேராவே முடியும். கால் வாங்கினவரும் புட் வித்தவரும் ஷேரை எடுக்கணும். கால் வித்தவரும் புட் வாங்கினவரும் கொடுக்கணும். ‘பிரீமியம் கட்டியாச்சுல்லா’ன்னு லாபப் பக்கம் நிக்குத (ஐ.டி.எம்.) கால் ஆப்ஷனை எக்ஸ்பைரி வரைக்கும் விட்டு வச்ச கிளையன்ட் மொத்த ஷேருக்கும் பணம் கொண்டு வரணும். அது லட்சக்கணக்குல நிக்கும். டீலர் முன்கூட்டியே போன் போட்டாரான்னு நீங்கதான் கேக்கணும்.

ஒரு பங்கோட ஓபன் இன்ட்ரஸ்ட் (இன்னும் முடிக்காம நிக்குத காண்ட்ராக்ட்) மொத்த மார்க்கெட்டுக்கும் வச்ச வரம்புல 95 சதவீதத்தைத் தாண்டினா அந்தப் பங்குல பொசிஷனைக் குறைக்க மட்டும்தான் முடியும். 80-க்கு இறங்கினப்புறம்தான் திறக்கும்.

பழைய நோட்ஸை யார் தந்தாலும் வாங்காதீங்க. இண்டெக்ஸ் காண்ட்ராக்ட்டோட குறைஞ்சபட்ச மதிப்பு 5 லட்சம்னு இருந்தா அது 2024 அக்டோபர் செபி சர்க்குலருக்கு முந்தினது. இப்ப 15 லட்சம்.

பாளை ரிஸ்க்:
ஒண்ணு விட்டுப் போச்சு. பதிவு பண்ணும்போது பான் கார்டுல இருக்க மாதிரியே பேரைப் போடுங்க. நம்ம ஊர்ப் பேருல இனிஷியல் ஒரு இடத்துல எழுத்தா நிக்கும், பான்ல அப்பா பேரு முழுசா விரிஞ்சிருக்கும். மையத்துல பொருந்தலைன்னா வாசலோட திரும்ப வேண்டியதுதான். நெல்லையில ஸ்லாட் காட்டலைன்னா மதுரையைப் பாருங்க, மதிய நேரமா எடுங்க.