மறுமொழி: பொதுமருத்துவர் தமக்கென வைத்திருக்கும் சிறு மருந்துப் பட்டியல் – சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

பொதுமருத்துவர்களுக்கான கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் முதன்முதலாக வெளியிட்ட பட்டியலுக்கு 'அத்தியாவசிய மருந்துகள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நான் கேட்பது வேறு. ஒரு மருத்துவர் தாம் அன்றாடம் காணும் நோய்களுக்கென, பலன், பாதுகாப்பு, நோயாளிக்குப் பொருத்தம், விலை ஆகிய நான்கையும் ஒப்பிட்டுச் சில மருந்துகளைத் தேர்ந்து, அவற்றின் அளவும் பக்கவிளைவும் மனத்தில் பதியுமளவு பழகி, பெரும்பாலும் அவற்றையே எழுதித் தருகிறாரே, அந்தப் பட்டியலுக்கு என்ன பெயர்? 'வரையறுக்கப்பட்ட பட்டியல்' என்று எழுதி வைத்திருக்கிறேன்; மனம் ஒப்பவில்லை.

—

ஐயா, வணக்கம்.

'வரையறுக்கப்பட்ட' என்றால் இலங்கை வாசகருக்குக் கம்பெனிப் பெயர்ப்பலகைதான் நினைவுக்கு வரும். 'கட்டுப்பாட்டு மருந்து' என்றால் மார்ஃபின் வகை என்று கொள்வர். 'அளவான' என்பது டோஸோடு குழம்பும். 'தெரிமருந்து' என வினைத்தொகையாக ஆளலாம் என்பது என் கருத்து. தெரிதல் என்பது ஆராய்ந்து கொள்ளுதல். குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் அப்பொருளே நிற்கிறது. அறிதல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டாகையால், தேர்வதும் நன்கு அறிந்திருப்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. 'பட்டியல்' என்பதன் வேர் ஐயத்துக்குரியது. 'தெரிமருந்து நிரல்' என்க.

—

அன்புடையீர்,

'நிரல்' கணினித் துறைக்குப் போய்விட்ட சொல். மருந்துக் கையேட்டில் வைத்தால் செவிலியர் அதைக் கணினிச் செயலி என்று எண்ணுவர். 'பட்டியல்' மளிகைக் கடை வரை புழங்கும் சொல்லாகையால் அதன் வேரைத் தோண்டுவதில் பயனில்லை. என் கவலை வேறு. பிரிட்டனில் 1985 ஏப்ரலில், இருமல் மருந்து, வைட்டமின், டானிக், மலமிளக்கி, தூக்க மாத்திரை முதலான ஏழு வகைகளில் இன்னின்னவற்றை மட்டுமே தேசிய சுகாதாரச் சேவையில் எழுதலாம் என்று அரசு விதித்தது. மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். விதிக்கப்பட்ட பட்டியலுக்கும் மருத்துவர் தாமே ஆய்ந்து வகுத்துக்கொண்டதற்கும் பெயரிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். 'தன்தெரிவு மருந்துகள்' என்பதே என் முன்மொழிவு.

—

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையினர் 'தெரிவு மருந்துப் பட்டியல்' என்பதற்கு இசைந்துள்ளதால் அதையே அனுப்புகிறேன். 'தன்' விடுபட்டதால் தெரிவு செய்தவர் யார் என்பது மறைந்துபோகிறது என்ற மறுப்பு எனக்கும் உண்டு. அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுப்புவேன்.