ரிசப்ஷன் கோட்டில் ப்ரோச்: குத்தலாமா, கூடாதா?

ஊசிமுனை: மாப்பிள்ளைக் கோட்டில் கல், இறகு, சங்கிலித் தொங்கல் என்று ப்ரோச் குத்துகிறார்கள். எடை போட்டால் 25, 30 கிராம் சர்வசாதாரணம். கோட்டின் லேப்பல் மடித்துவிட்ட மடல். அடியில் தாங்க எதுவும் கிடையாது. எடை ஏறினால் மடிப்பு இழுபட்டு இடது பக்கம் மட்டும் வாய் பிளக்கும். லேப்பலில் உள்ள காஜாவில் செருகும் மெல்லிய குச்சிப் பின் போதும். ப்ரோச்சை ஷெர்வானிக்கு விட்டுவிடுங்கள்.

பட்டுநூல்: ராஜாக்கள் தலைப்பாகையிலயே கல்கின்னு இறகு வச்ச நகை குத்தினாங்க சார், நாம கோட்டுல குத்தினா குத்தமா? தப்பு ப்ரோச்சுல இல்ல, குத்துற இடத்துல. காலரும் லேப்பலும் சேர்ற தையல் பக்கமா மேல குத்துங்க, அங்க துணி விறைப்பா நிக்கும். வாங்கும்போதே திருப்பிப் பாருங்க: பின்னாடி ஊசி நடுவுக்கு மேல இருக்கணும். கீழ இருந்தா தலை முன்னாடி கவிழும்.

ஊசிமுனை: கல்கியைத் தாங்கியது பல சுற்றுத் துணி. ஷெர்வானியின் மார்பும் உடம்போடு ஒட்டி நிற்கிறது. மடலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கத்தரி: துணி என்னன்னு ரெண்டு பேருமே கேக்கலையே! கம்பளின்னா ஊசி இழையை விலக்கிட்டுப் போகும். கழட்டினதும் நீராவி காட்டி விரலால நீவினா துளை மூடிக்கும். சாட்டின் லேப்பல்ல மூடாது. வெல்வெட்ல பின்னோட தடமும் நிக்கும்.

இன்னொண்ணு: ரெடிமேட் கோட்டுல காஜா பல சமயம் வெறும் நூல் வேலைதான், வெட்டியிருக்க மாட்டாங்க. லேப்பலைத் திருப்புங்க. பின்னாலயும் நெருக்கமா தையல் இருந்தா வெட்டலாம். ரெண்டு முனையிலயும் குறுக்கே ஒரு குண்டூசி குத்திட்டு, நடுவுல தொடங்கி முனைப் பக்கமா வெட்டுங்க. குண்டூசி இல்லாம வெட்டினா முனைத் தையலும் சேர்ந்து போயிடும். பின்னால தையல் இல்லையா, தொடாதீங்க. பிரிஞ்சிடும்.

பட்டுநூல்: சாட்டினுக்குத்தான் காந்தம் வச்ச பின் இருக்கே?

கத்தரி: சின்ன பின்னுக்குச் சரி. கனமான ப்ரோச்னா தடிச்ச லேப்பல்ல காந்தம் வழுக்கும். பேஸ்மேக்கர் வச்சவங்க காந்தத்தை 15 செ.மீ. தள்ளி வைக்கணும். மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிக்கிற பெரியப்பாவுக்கும் அதே கணக்குதான்.

பட்டுநூல்: சரி, கம்பளிக் கோட்டுக்கே சொல்றேன். லேப்பலுக்குப் பின்னாடி கோட்டு நிறத்துலயே ஒரு ஃபெல்ட் துண்டு, ப்ரோச்சைவிட அரை செ.மீ. சின்னதா வெட்டி வைங்க. ஊசியை லேப்பல், ஃபெல்ட் ரெண்டுலயும் சேர்த்து ஏத்தி, திரும்ப முன்பக்கம் எடுத்து, அப்புறம் கொக்கில மாட்டுங்க. எடை ஒரே புள்ளியில விழாம துண்டு முழுக்கப் பரவும். முனை சட்டைக்குப் போயிடாம உள்ள ஒரு விரலை வச்சுக்கங்க.

ஊசிமுனை: ஃபெல்ட் யோசனை நல்லது, ஒற்றை ப்ரோச்சுக்கு ஒத்துக்கொள்கிறேன். சங்கிலிக்கு ஒத்துவராது. ஒரு முனை லேப்பலில், மறுமுனை பாக்கெட்டில். கையைத் தூக்கினால் இரண்டுக்கும் இடையே துணி இழுபடும். மாலை போட்டதும் நார் கல்லின் பற்களில் சிக்கும். கழற்றும்போது கல்லோடுதான் வரும்.

பட்டுநூல்: பாக்கெட் முனையை மட்டும் கழட்டி வச்சுட்டு, மாலையை இறக்கினதும் மாட்டிக்கலாம். சங்கிலில ரெண்டு செ.மீ. தளர்வு விட்டா கை தூக்கினாலும் இழுக்காது.

ஊசிமுனை: மேடையில் நிற்கும் நேரம் பாதி மாலையோடுதானே?