பிரெஞ்சில் "என் தீவு" எழுதினேன், சிவப்பு வட்டம் போட்டுவிட்டார்கள். என்ன பிழை? (அவசரம்)

தீவுப்பொடியன்:
வணக்கம். பிரெஞ்சு வகுப்பில் பிறந்த ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள். எனக்கு ஊர் புங்குடுதீவு. 'ஈல்' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் ஆசிரியை சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார். அகராதியைப் பார்த்தேன், தீவுக்கு ஈல் தான். நாளை காலை 9 மணிக்குத் திருத்திக் கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மழைக்காலம்:
வாக்கியத்தை அப்படியே போடுங்கள். ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்?

கூரைவீடு:
கேட்கவே வேண்டாம், கூரைக் குறியை விட்டிருப்பீர்கள். ஐ எழுத்தின் மேல் புள்ளி வராது, சின்னக் கூரைதான் வரும். முன்பு அந்தச் சொல்லின் நடுவில் ஓர் எஸ் இருந்தது. உச்சரிப்பில் அது எப்போதோ போய்விட்டது. 1740இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதி, இப்படிப் பேச்சில் இல்லாத எஸ்ஸைப் பல சொற்களிலிருந்து எடுத்துவிட்டு, அடையாளத்துக்குக் கூரை போட்டது. ஆங்கிலத்தில் ஃபாரஸ்ட், ஹாஸ்பிட்டல் என்று எஸ் இன்னும் நிற்கிறது. பிரெஞ்சில் ஃபொரே, ஓப்பித்தால், இரண்டிலும் கூரை.

இலக்கணத்தார்:
கூரை இல்லாவிட்டால் பிழை என்று யார் சொன்னது? 1990 எழுத்துச் சீர்திருத்தப்படி ஐ, யு இரண்டின் மேலும் கூரை கட்டாயமில்லை. சில வினை வடிவங்களிலும், பொருள் குழம்பக்கூடிய ஒருசில சொற்களிலும் மட்டும் வேண்டும். தீவு அதில் சேராது. தம்பி, முதலில் பெயர்ச்சொல்லின் பாலைப் படித்துவிட்டு வாருங்கள். அடிப்படை தெரியாமல் கேட்டால் எத்தனை முறைதான் பதில் எழுதுவது?

கூரைவீடு:
கட்டாயமில்லை என்றால் எல்லா ஆசிரியரும் விட்டுவிடுவார்களா அண்ணா? 2016இல் பள்ளிப் புத்தகங்களுக்கு அந்தத் திருத்தம் வந்தபோது எவ்வளவு சண்டை நடந்தது! என் மகளின் ஆசிரியர் இன்றும் கூரை கேட்கிறார்.

லியோன் அக்கா:
தம்பி, "தீவில்" என்பதை எப்படி எழுதினீர்கள்? பலர் வழுக்குவது அங்கேதான். கோர்சிகாவில் என்றால் 'ஆன் கோர்ஸ்'. ரெயூனியனில் என்றால் 'ஆ லா ரெயூனியோன்'. மால்டாவில் என்றால் வெறும் 'ஆ மால்த்'. ஈல் என்ற சொல்லையே போட்டால் 'சூர் லீல்', பழைய ஆட்கள் 'தான் லீல்' என்பார்கள். வரியைப் போடுங்கள், பார்க்கலாம்.

சேன்கரை:
இதோடு என் சந்தேகம் ஒன்று. பாரிஸைச் சுற்றி 1.2 கோடி பேர் இருக்கிறோம், கடல் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. இந்த வட்டாரத்துக்கு ஏன் ஈல் த ஃபிரான்ஸ் என்று பெயர்?

மழைக்காலம்:
ஆறுகள்தான். சேன், மார்ன், உவாஸ் என்று சுற்றிலும் தண்ணீர். ஈல் என்றால் கடல் நடுவே இருக்க வேண்டும் என்றில்லை. நோத்ர் தாம் தேவாலயம் நிற்கும் ஈல் த லா சித்தே ஆற்று நடுத் திட்டுதானே. நம்மிடம் ஸ்ரீரங்கம் போல. தமிழில் அழகாக ஆற்றிடைக்குறை என்பார்கள்.

இலக்கணத்தார்:
ஆறு சூழ்ந்ததால் தீவு என்பது ஒரு விளக்கம், அவ்வளவுதான். பிராங்க் மொழியில் 'சின்ன பிரான்சியா' என்று பொருள்படும் பெயர் திரிந்து இப்படி ஆனது என்றும் சொல்கிறார்கள்.

மழைக்காலம்:
அந்தத் திரிபை நான் ஏற்கவில்லை. வரைபடத்தைத் திறந்து ஆறுகளைப் பாருங்கள், பெயர் தானாகவே விளங்கும்.

லியோன் அக்கா:
லீல் நகரத்துக்கும் அதே கதை. 'தீவு' என்பதைச் சுட்டுச்சொல்லோடு சொன்னால் லீல். நகரத்தின் பெயரும் அதிலிருந்துதான் வந்தது, காதில் இரண்டும் ஒன்றே. எங்கள் லியோனில் கடைத்தெருவுக்குப் போவதையே "பிரெஸ்கீலுக்குப் போகிறேன்" என்பார்கள். ரோன், சோன் இரண்டு ஆற்றுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். சொல்லுக்குப் பொருள் 'கிட்டத்தட்ட தீவு', நம் குடாநாடு மாதிரி. ஈல் வீட்டுக்குள்ளும் வரும். சமையலறை நடுவே தனியாக நிற்கும் மேடை 'ஈலோ', குட்டித் தீவு. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, பால் கஸ்டர்டில் மிதக்கவிடும் இனிப்பு 'ஈல் ஃப்ளோத்தாந்த்', மிதக்கும் தீவு. சரி, தம்பி எங்கே?

தீவுப்பொடியன்:
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். கூரை போட்டிருக்கிறேன். வரி இதுதான்: "மா ஈல் ஏ பெத்தித்" (என் தீவு சின்னது). மற்ற இடங்களிலும் மா ஈல் தான். ஈல் பெண்பால் என்று தெரியும், அதனால்தான் 'என்' என்பதற்குப் பெண்பால் வடிவமான மா போட்டேன்.

லியோன் அக்கா:
அதுதான் பிழை. பெண்பால் என்பது சரி. ஆனால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் மா நிற்காது, ஆண்பால் வடிவமான மோன் வரும். தமிழில் 'ஒரு தீவு', ஆனால் 'ஓர் ஊர்' என்கிறோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் பெண்பால், ஆனால் மோன் எக்கோல். சேர்த்துச் சொன்னால் 'மோனீல்', நம் புணர்ச்சி போலவே ஒட்டிக்கொள்ளும். மோன் வந்ததற்காக ஈல் ஆண்பால் ஆகிவிடாது, ஆகவே பெண்பால் வடிவமான பெத்தித் அப்படியே இருக்கட்டும். அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

இலக்கணத்தார்:
பால் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

லியோன் அக்கா:
சொன்னீர்கள் அண்ணா. ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பால் தெரியும். தெரியாதவர் தற்செயலாக மோன் போட்டுத் தப்பியிருப்பார், இவர் படித்ததால்தான் மா போட்டார். வருகிறவர்களிடம் அடிப்படை தெரியாது என்று சொல்லாதீர்கள், அடுத்த முறை கேட்கவே தயங்குவார்கள்.

சேன்கரை:
அப்படியென்றால் ஈல் த ஃபிரான்ஸ் ஆறா, திரிபா? ஒரு முடிவு சொல்லுங்களேன்.

தீவுப்பொடியன்:
கொடுத்துவிட்டேன். மோனீல் என்று வகுப்பில் வாசித்தும் காட்டினேன், ரீச்சர் சரி என்றார். நன்றி அக்கா.

கூரைவீடு:
கூரை பற்றி ஏதாவது சொன்னாரா?