மறு: ‘ட்வீன்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும் (கையேடு வெள்ளியன்று அச்சுக்கு)

காட்பாடி, கணித ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். கோடை முகாமில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேனிம் கற்றுக்கொடுக்கிறோம். கிராண்ட் சாண்டர்சன் தம் கணிதக் காணொளிகளுக்காக 2015இல் எழுதத் தொடங்கிய, அசைவுப்படம் ஆக்கும் பைத்தான் நிரல்மொழி நூலகம் அது. நாங்கள் எடுத்துக்கொண்டது 2020இல் கிளைத்த சமூகப் பதிப்பு. காட்சி, நிரல், உருமாற்றம் என்று மற்றவற்றுக்கெல்லாம் சொல் கிடைத்துவிட்டது. ஒரு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் கொடுத்து ‘இதை அதுவாக்கு’ என்கிறோம். உயர்தரத்தில் நொடிக்கு 60 படங்கள். முதலும் கடைசியும் நாம் கொடுப்பவை. நடுவில் உள்ளவற்றை நிரலே போட்டுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘ட்வீன்’ எனப்படும் இந்த நடுவேலைக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளிக்குள் லாங் பஜார் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

வாலாஜாபேட்டை, மொழிபெயர்ப்பாளர்:
புதிதாக எதற்கு? மேல்நிலை வணிகக் கணிதத்தில் இடைச்செருகல் இருக்கிறது. தெரிந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே தெரியாததைக் கணிப்பது. வேலை அதேதான், சொல்லும் அதுவே இருக்கட்டும்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஐயா, இடைச்செருகல் என்றதும் எனக்குக் கம்பராமாயணத்து வெள்ளி பாடல்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. எவரோ எழுதிக் கள்ளத்தனமாக நுழைத்தவை என்ற பழி அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் படத்துக்கு அந்தப் பழி எதற்கு? இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் சொன்ன இலக்கணத்தைப் பாருங்கள்: பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடக்கும், தமக்கென்று இயல்பு இல்லை. அந்த நடுப்படங்களும் அப்படித்தானே? முதல் படமும் கடைசிப் படமும் இல்லையென்றால் அவை ஏது? ‘இடைப்படம்’ என்று வையுங்கள்.

ஆரணி, மென்பொருள் பொறியாளர்:
எங்கள் வீட்டில் பட்டுத்தறி இருந்தது. நெடுக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டியபின் நாடா குறுக்கே ஓடி ஊடை நூலை நிரப்பும். நிரல் செய்வதும் அந்த வேலைதான். எனவே ‘ஊடிழை’. ஊடு என்றால் நடு. ஊடாக, ஊடுருவு, ஊடகம் எல்லாம் அதன் பிள்ளைகள். ஊடலும் அதுதான் என்பது என் கட்சி: இருவருக்கு நடுவே வந்து நிற்பது.

ஆற்காடு:
தம்பி, ஊடல் வேறு வேர். வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுக்க ஊடலுவகை பாடியதை நாடாவில் சுற்ற வேண்டாம்.

ஆரணி:
வேறு வேர் என்பதற்குச் சான்று தாருங்கள் ஐயா, ஏற்றுக்கொள்கிறேன்.

(இதன்பின் ஏழெட்டு மடல்கள் ஊடலிலேயே போயின. படிக்க வேண்டாம்.)

சத்துவாச்சாரி, கல்லூரி மாணவர்:
ட்வீன் என்றே எழுதிவிடுங்கள் டீச்சர். பிள்ளைகள் நாளைக்கு இணையத்தில் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான். கையால் வரைந்த அசைவுப்படக் காலத்திலேயே மூத்த ஓவியர் முக்கியப் படங்களை வரைவார், நடுப்படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். அங்கிருந்து வந்த சொல் அது.

ராணிப்பேட்டை:
மூன்று கோடி தடவை சொன்னாலும் படம் வடசொல். ‘ஓவியம்’ இருக்க அது எதற்கு?

ஆற்காடு:
படம் என்றால் துணி. சித்திரம் எழுதிய துணியும் படம்தான். ஆரணிக்காரர் மகிழட்டும். ‘இடையோவியம்’ என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

காட்பாடி:
சண்டைக்கு நடுவே ஒரு செய்தி. இன்று ஒரு மாணவி முக்கோணத்தை அதன் மையத்தைச் சுற்றி 180 பாகை திருப்பிக்காட்ட முயன்றாள். திருப்பிய முக்கோணத்தைக் கொடுத்து ‘இதை அதுவாக்கு’ என்றாள். முக்கோணம் சுழலவே இல்லை. சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரே புள்ளியாகி, மறுபுறம் தலைகீழாக விரிந்தது. வகுப்பே கத்தியது. காரணம் எளிது: நிரல் ஒவ்வொரு முனையையும் நேர்கோட்டில் இழுக்கிறது. பாதி வழியில் நிற்கும் இடம் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சராசரி. மையம் (0, 0), முனை (2, 1) என்றால் திருப்பியபின் அந்த முனை (−2, −1). சராசரி (0, 0). எல்லா முனைகளுக்கும் அதே கதை. சுழற்ற வேண்டுமென்றால் சுழற்சிக் கட்டளையையே கொடுக்க வேண்டும்.

ஆகவே நடப்பது அசைவு இல்லை, கணக்கு. சொல்லிலும் அது தெரிந்தால் நல்லது.

வாலாஜாபேட்டை:
அதைத்தான் முதல் மடலிலேயே சொன்னேன். கணக்கு என்றால் இடைச்செருகல். கம்பனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சத்துவாச்சாரி:
டீச்சர், சோதனைக்குக் குறைந்த தரத்தில் ஓட்டுங்கள், நொடிக்கு 15 படங்கள்தான், பழைய கணினியும் தாங்கும். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் மேனிமில் சூத்திரத்துக்கான நிரல் வகுப்பில் (class) போடாதீர்கள். அது லேடெக் என்ற கணித அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாகப் போகிறது, இயல்பு அமைப்பில் தமிழைத் தராது. சாதாரண உரை வகுப்பில் தமிழ் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் கொம்பும் காலும் சரியாக வரும். மாறிகளின் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

காட்பாடி:
நன்றி தம்பி, இத்தனை மடல்களில் உருப்படியானது இதுதான். கையேட்டை முடித்துவிட்டேன். நிரல் போடும் படத்துக்கு ‘இடைப்படம்’, அதைக் கண்டுபிடிக்கும் கணக்குக்கு ‘இடைச்செருகல்’. ஓரத்தில் ட்வீன் என்றும் சேர்த்திருக்கிறேன்.

ராணிப்பேட்டை:
படத்தை ஏற்கவில்லை. பதிவில் இருக்கட்டும்.

ஆரணி:
இரண்டாம் பதிப்பு எப்போது வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள் டீச்சர். ஊடிழையை நான் விடப்போவதில்லை.